ஈயத்தை எடுத்தது தம்பி, எடுக்கச் சொன்னது யார்?

கேள்வி: எங்கள் ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். மீனவக் குடும்பம். தம்பிக்கு 23 வயது. பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஒரு பாய்மரப் படகுப் பந்தய அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தான். படகைப் பராமரிப்பது, பாய் தைப்பது, கயிறு மாற்றுவது அவன் வேலை. ஆள் குறைந்தால் பந்தயத்திலும் ஏறுவான். போன மாதம் பரிசுப் பணம் வைத்து நடந்த ஒரு பந்தயத்தில், படகை எடை போட்டு முடித்த பிறகு, உள்ளே திருகி வைத்திருந்த ஈயக் கட்டிகளை எடுத்துவிட்டு அதே மாதிரி பெயின்ட் அடித்த மரக்கட்டைகளை வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் சோதனையில் மாட்டிக்கொண்டார்கள். கட்டையை மாற்றியது தம்பிதான், அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் மாற்றச் சொன்னது அணியை நடத்துபவர். இப்போது அவர், "நீயாகவே செய்ததாக எழுதிக் கொடு. சின்னப் பையன் என்று ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள். அதுவரை சம்பளம் நான் தருகிறேன்" என்கிறார். அம்மாவும் எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார். விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறது. சிலர் ஆயுள் தடை என்று பயமுறுத்துகிறார்கள். அவன் செய்த தப்புக்கு என்னதான் நியாயமான தண்டனை? எழுதிக் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: (விளையாட்டு வழக்குகளைப் பார்க்கும் புதுச்சேரி வழக்கறிஞர், பாய்மரப் பந்தய விசாரணைக் குழுக்களில் இருந்தவர்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்க வேண்டாம். அம்மாவிடமும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் தம்பி மீது இருப்பது ஒரு குற்றம். மேலே இருப்பவர் சொன்ன தவறான வேலையை, தவறு என்று தெரிந்தே செய்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் குற்றம் மூன்றாகிவிடும். திட்டம் போட்டதும் அவன்தான் என்று ஆகும், அணியையே ஏமாற்றினான் என்று ஆகும், பின்னால் உண்மை வெளியே வந்தால் விசாரணையில் பொய் சொன்னான் என்றும் ஆகும். பாய்மரப் பந்தயத்தில் விசாரணைக் குழு முன் பொய் சொல்வது தனியாகவே ஒழுங்கீனம். ஈயத்தை மாற்றியதை மன்னிக்கும் குழுகூட அதை லேசில் மன்னிக்காது. சம்பளம் தருகிறேன் என்ற பேச்சுக்கோ எந்தக் காகிதமும் இல்லை. ஆறு மாதம் என்று கணக்குச் சொல்கிறாரே, அதைத் தீர்மானிக்கிற இடத்திலும் அவர் இல்லை.

அடுத்து ஆயுள் தடை. பந்தயத்தை நடத்துகிற இடத்தில் உட்காரும் விசாரணைக் குழுவால் அதைக் கொடுக்க முடியாது. எச்சரிக்கலாம், படகின் முடிவுகளை ரத்து செய்யலாம், அந்தப் போட்டியிலிருந்தும் அந்த இடத்திலிருந்தும் ஆளை வெளியேற்றலாம். அதற்கு மேல், இத்தனை மாதம் எங்கேயும் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று தடை போட வேண்டுமானால், குழு தன் அறிக்கையை மேலே அனுப்பும். தேசிய அமைப்பான யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவோ உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங்கோதான் அதைத் தனியாக விசாரித்து முடிவு செய்யும். ஆக, ஒரே நாளில் வாழ்க்கை முடிந்துவிடாது. தூங்கச் சொல்லுங்கள்.

இனி, தண்டனை. இதை உங்கள் அம்மாவுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் "நாலு ஈயக் கட்டிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று அவருக்குத் தோன்றலாம்.

தம்பி வேலை பார்ப்பது ஒரே அச்சில் வார்த்த படகுகளுக்கான பந்தயம். எல்லாப் படகும் ஒரே நீளம், ஒரே பாய். குறைந்தபட்ச எடை இவ்வளவு என்று விதி இருக்கும். அதைவிட லேசாக இருக்கிற படகில் ஈயம் வைத்து, குறித்த இடத்தில் திருகி, எல்லோரையும் சமமாக்குவார்கள். வாடைக் காற்று வலுவாக அடிக்கிற நாளில் சில கிலோ பெரிய விஷயமில்லை. காற்று செத்துக் கிடக்கிற காலை நேரத்தில் அதுதான் எல்லாமே. லேசான படகு தண்ணீரில் குறைவாக அமிழும், சின்னக் காற்றுக்கும் முதலில் நகரும். மைல் கணக்கில் ஓடி, சில விநாடி வித்தியாசத்தில் கோட்டைத் தொடுகிற ஆட்டத்தில் அது போதும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலான பாய்மரப் பந்தயங்களில் ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் விசில் ஊதுகிற நடுவர் இல்லை. மிதவையில் இடித்துவிட்டால் இடித்தவரே படகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடர வேண்டும். இன்னொரு படகுக்கு வழிவிடாமல் போய்விட்டால் இரண்டு சுற்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் அதுதான் முறை. விதிப் புத்தகமே, விதியை மீறியவர் தானாகத் தண்டனையை ஏற்க வேண்டும், தேவைப்பட்டால் பந்தயத்தை விட்டே விலக வேண்டும் என்ற அடிப்படைக் கொள்கையோடுதான் தொடங்குகிறது. நம்பித்தான் இந்த விளையாட்டே ஓடுகிறது. அதனால் கடலில் தெரியாமல் நடக்கும் தவறுக்கு இது எவ்வளவு இளகுகிறதோ, கரையில் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யும் ஏமாற்றுக்கு அவ்வளவு இறுகும். நேர்மையைப் பற்றிப் பேசும் 2ஆம் விதியை மீறினால் கிடைக்கும் தகுதி நீக்கத்தைக் கழித்துவிடக்கூட முடியாது. பல பந்தயங்கள் சேர்ந்த தொடரில் ஒரு மோசமான முடிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள் இல்லையா, அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. அதற்கும் மேலே 69ஆம் விதி இருக்கிறது, ஒழுங்கீனத்துக்கு. தம்பிக்கு வந்திருக்கும் கடிதத்தில் இந்த எண்தான் இருக்கும்.

உங்கள் தம்பி ஈயத்தை எடுத்ததோடு நின்றிருந்தால் நான் இன்னும் தைரியமாகப் பேசுவேன். மரக்கட்டைக்குப் பெயின்ட் அடித்தது அவனுக்கு எதிராக நிற்கும். அவசரத்தில் அப்படிச் செய்ய முடியாது. பெயின்ட் காய்கிற வரை யோசிக்க நேரம் இருந்தது. யார் சொல்லிச் செய்திருந்தாலும் இது தப்பு என்று கைக்குத் தெரிந்திருக்கும். இதைக் குழு கேட்கும்போது அவன் மழுப்பக் கூடாது.

இதே மாதிரி ஒரு வழக்கு உலகத்தின் மிகப் பெரிய பாய்மரப் போட்டியில் நடந்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கா கோப்பை. கோப்பையைக் கையில் வைத்திருந்தது ஆரக்கிள் டீம் யுஎஸ்ஏ. அதற்கு முன்னால் ஏசி 45 என்ற சின்னப் படகுகளில் நடந்த தொடரில், அந்த அணி தன் படகுகளின் முன்பக்கத் தாங்கு கம்பத்துக்குள் அனுமதியில்லாமல் எடை சேர்த்திருந்தது தெரியவந்தது. அங்கே எடையைக் கூட்டினார்கள், உங்கள் தம்பி அணியில் குறைத்தார்கள், செயல் ஒன்றுதான். நிர்வாகத்துக்கும் தலைமை மாலுமிகளுக்கும் தெரியாமல் சிலர் செய்தது என்று அணி சொன்னது. அந்தச் சின்னப் படகுத் தொடரில் நான்கு போட்டிகளின் முடிவுகளை விட்டுக்கொடுத்தது.

இறுதிப் போட்டி தொடங்கச் சில நாள் முன்பு சர்வதேச ஜூரி தீர்ப்பு சொன்னது. அணிக்கு இரண்டு புள்ளி கழிவு, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். 2,50,000 டாலர் அபராதம். பாய் இயக்குபவரான டிர்க் டி ரிடரும் கரையில் வேலை பார்த்த இருவரும் அந்தக் கோப்பை முழுவதற்கும் வெளியே. இன்னொரு மாலுமி முதல் நான்கு பந்தயங்களுக்கு வெளியே.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. நியூசிலாந்து 8–1 என்று முன்னேறி, இன்னும் ஒன்றே ஒன்று ஜெயித்தால் கோப்பை என்ற நிலை. 13ஆவது பந்தயத்தில் அவர்கள் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது காற்று விழுந்து, 40 நிமிட நேர வரம்பு முடிந்து, பந்தயம் ரத்தானது. அந்த 8–1 நிலைக்குப் பிறகு ஆரக்கிள் மொத்தம் வரிசையாக எட்டு ஜெயித்து 9–8 என்று கோப்பையைத் தக்கவைத்தது. அதனால் அந்தத் தண்டனை வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்பது வெற்றி போதும் என்ற இடத்தில் அவர்கள் பதினொன்று ஜெயிக்க வேண்டியிருந்தது. காற்று அந்த ஒரு நாள் விழாமல் இருந்திருந்தால் இரண்டு புள்ளியும் அவர்கள் கழுத்தைப் பிடித்திருக்கும். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான், அணி எதற்காக ஆடுகிறதோ அதிலேயே கை வைத்தார்கள்.

அபராதம் அப்படியில்லை. அந்தக் கோப்பைக்கு ஒரு பெரிய அணி நூறு மில்லியன் டாலர் செலவழிக்கும். அந்தப் பணத்துக்கு முன்னால் இரண்டரை லட்சம் டாலர் வலிக்காது. அதே நேரம் வெளியேற்றப்பட்ட அந்த மூன்று பேருக்கும் அது அவர்களுடைய பிழைப்பு. டி ரிடருக்கு உலக அமைப்பு அடுத்த ஆண்டு ஐந்து வருடத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது மூன்றானது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்ப் பார்த்தார், அங்கே 18 மாதமானது. ஐந்து வருடம், மூன்று வருடம், ஒன்றரை வருடம். ஒரே செயலுக்கு மூன்று அளவு. தடைக்காலம் யாரோ கல்லில் செதுக்கி வைத்த எண் இல்லை, வாதாடி அளக்கப்படுவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஏமாற்றில் இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். படகின் கணக்கு ஒன்று. ஏமாற்றி வாங்கியது எதுவோ அது முழுக்கத் திரும்பிப் போக வேண்டும். அந்த வாரத்தின் எல்லா முடிவும் ரத்து, பரிசுப் பணம் திரும்ப, அடுத்தடுத்து வந்தவர்கள் மேலே ஏற வேண்டும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கேள்வியே இங்கே வரக் கூடாது. இரண்டாவதாக வந்த படகிலும் நாலைந்து பேர் விடியற்காலையில் எழுந்து காற்றுக்காகக் காத்திருந்தார்கள். இந்த மாதிரி வழக்குகளில் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்னொன்று ஆட்களின் கணக்கு. இதில் யார் முடிவு செய்தது, யாருக்கு லாபம், யாரால் மாட்டேன் என்று சொல்ல முடிந்திருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இது புதிய விஷயமில்லை. தடை செய்த சுருக்குமடி வலையோடு ஒரு படகைப் பிடித்தால், வலை யாருடையது, படகு யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். கயிறு இழுத்த பையனை மட்டும் பிடித்துக்கொண்டு படகை விட்டுவிட்டால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? பந்தயத்திலும் அதே நியாயம்தான் வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் அடுத்த மாதம் சம்பளம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவனுக்கும், அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவருக்கும் ஒரே தடைக்காலம் என்றால் அது அநியாயம். சம்பளக்காரனுக்கு மட்டும் தடை, முதலாளிக்கு எதுவுமில்லை என்றால் அது அடுத்த அணிக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த மாதிரி. மாட்டினால் பழியை ஏற்க ஒரு பையனை வைத்துக்கொள் என்று.

நல்ல வேளையாக, விதி இப்போது அவர் பக்கம் இல்லை. 69ஆம் விதி படகை ஓட்டியவர்களோடு நிற்பதில்லை. உரிமையாளர், பயிற்சியாளர், அணிக்குத் துணை நிற்கும் யாராக இருந்தாலும் அது அவர்களையும் கட்டுப்படுத்தும். அணியை நடத்துபவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை என்பது அவரைக் காப்பாற்றாது.

அப்படியானால் தம்பிக்கு? என்னைக் கேட்டால், தடை வேண்டும். ஒன்றுமே வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன், அவனும் அதை எதிர்பார்க்கக் கூடாது. தெரிந்தே செய்தான், மறைக்கவும் செய்தான். ஆனால் உண்மையை முழுக்கச் சொல்லும் 23 வயதுச் சம்பளக்காரனுக்கு, முதல் தவறுக்கு, ஒரு பந்தயப் பருவத்துக்கு மேல் போகிற தடை அதிகம் என்பேன். சொன்னவருக்கு அதைப் போலப் பல மடங்கு. பொய் எழுதி வாங்கப் பார்த்ததையும் சேர்த்தால் இன்னும் கூட.

ஆயுள் தடை கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். பென் ஐன்ஸ்லி 2011இல் பெர்த்தில் உலகச் சாம்பியன் போட்டியில் முன்னணியில் இருந்தபோது, தன் ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்ததாக நினைத்து ஒரு ஒளிப்பதிவுப் படகில் ஏறிச் சண்டை போட்டார். இரண்டு பந்தயங்களிலிருந்து தகுதி நீக்கம், பட்டமும் போனது. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். கோபத்தில் நடந்ததும் திட்டமிட்டு நடந்ததும் ஒன்றல்ல, தம்பியுடையது அதைவிட மோசம்தான். ஆனாலும் தண்டனைக்கு ஒரு கரை வேண்டும், கரை தாண்டித் திரும்பி வர வழி வேண்டும் என்பதற்கு அதைச் சொல்கிறேன். வேலூரிலிருந்து விஷ்ணு சரவணனும் சென்னையிலிருந்து நேத்ரா குமணனும் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்கள். காற்றைச் சிறு வயதிலிருந்தே அறிந்த ஒருவனை ஒரேயடியாக வெளியே தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை.

இனி விசாரணைக்குச் செய்ய வேண்டியவை. குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும், வந்திருக்கிறது. தயாராவதற்கு நேரம் போதாது என்றால் காரணம் சொல்லித் தள்ளி வைக்கக் கேளுங்கள், நியாயமான காரணம் என்றால் குழு தள்ளி வைத்தே ஆக வேண்டும். 69ஆம் விதி விசாரணையில் குறைந்தது மூன்று பேர் உட்கார வேண்டும். தம்பி தன்னோடு ஒரு ஆலோசகரையும் தனக்காகப் பேச ஒருவரையும் அழைத்துப் போகலாம். தனியாக அனுப்பாதீர்கள். அணி ஏற்பாடு செய்கிற ஆளை அழைத்துப் போகவே கூடாது. அவர் சம்பளம் யாரிடம் வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

போனை யாரிடமும் கொடுக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள், குரல் பதிவுகள், பெயின்டும் மரமும் வாங்கிய பில், அந்தப் பணத்தை யார் ஜிபே செய்தது, அன்று இரவு கொட்டகையில் யார் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். "எழுதிக் கொடு" என்று அவர் கேட்டதற்கு ஒரு வரி ஆதாரம் இருந்தால்கூட வழக்கு மாறிவிடும். இது கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய விஷயமில்லை. குற்றம் எவ்வளவு பெரியதோ அதற்கு ஏற்றபடி குழுவின் மனம் நிறைய வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவுகோல் தம்பிக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும்.

பேசும்போது தன் பங்கை முதலில் சொல்லட்டும். நான் மாற்றினேன், நான் பெயின்ட் அடித்தேன், தப்பு என்று தெரியும். அப்புறம் யார் சொன்னார்கள், எப்போது, எந்த வார்த்தையில் என்று சொல்லட்டும். வரிசை மாறினால் பழியைத் தள்ளிவிடுவதாகத் தோன்றும். இரண்டாம், மூன்றாம் இடம் வந்த படகுகளுக்கு அவன் கையாலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டும். அதைத் தண்டனை குறையும் என்பதற்காக எழுத வேண்டாம், அவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டியது.

அம்மாவின் கவலை பணம்தான் என்று புரிகிறது. மாதா மாதம் வந்த சம்பளம் நின்றால் வீடு என்னாகும் என்று எந்தத் தாயும் பயப்படுவார். ஆனால் பந்தயத் தடை, வேலைத் தடை ஆகாது. பாய் தைக்கவும் ஃபைபர் படகைச் சரி செய்யவும் தெரிந்த ஆளுக்கு கடலூர் முதுநகரிலோ இங்கே தேங்காய்த்திட்டிலோ வேலை கிடைக்கும். பழைய அணியில் ஏற்கெனவே வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளம் பாக்கி இருந்தால் அதைத் தனியாக எழுத்தில் கேளுங்கள். விசாரணையோடு அதைக் கலக்க விடாதீர்கள்.

தீர்ப்பு வாய்மொழியாக வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் மேல்முறையீடு போக வேண்டும். அந்தப் போட்டிக்கு சர்வதேச ஜூரி வைத்திருந்தால் அதன் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, எனவே போட்டி அறிவிப்பில் எந்தக் குழு என்று இப்போதே பாருங்கள். கடிதத்தையும் அந்த அறிவிப்பையும் நகல் எடுத்து அனுப்பினால் அவன் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை நான் சரிபார்த்துத் தருகிறேன். கட்டணம் வேண்டாம். அதுவரை அவன் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.